ஒற்றை எழுதும், இரட்டை பார்க்கும்

நனைந்த காலுறை வாடை. அதன்மேல் தேங்காய் எண்ணெய். அதன்மேல் காலையில் கட்டி மதியம் திறந்த எலுமிச்சை சாதம். எல்லாவற்றுக்கும் மேல், ஒரே காற்றை எழுபது உடம்புகள் மாற்றி மாற்றி இழுத்துவிட்ட புழுக்கம். போன வாரம் மழையில் தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினேன். பெண்கள் பெட்டியின் ஜன்னல்களை எல்லாம் இறக்கிவிட்டிருந்தார்கள். சீருடைப் பெண்பிள்ளைகள் ஒரு பட்டாளம், ஈரத்தோடு, பையோடு, நின்றுகொண்டும் ஒருவர் மடியில் ஒருவர் சாய்ந்துகொண்டும். அந்த வாடை என் மூக்கைப் பிடித்து உள்ளே இழுத்தது. கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு குரல், முகம் தெரியவில்லை, சொன்னது:

"கொஞ்சம் தள்ளி உட்காருங்க. இன்னும் ஒருத்தர் உட்காரலாம்."

குரோம்பேட்டையில் இறங்கி, நடைமேடைக் குழாயில் முகம் கழுவி, அடுத்த ரயிலுக்கு நின்றேன்.

அந்த வாக்கியம் அவருடையது. உலகத்தில் யார் சொன்னாலும் அது அவருடையதுதான்.

ஊரப்பாக்கத்தில், ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து உள்ளே போகும் ஒரு தெருவில், மூன்று மாடித் தனியார் பள்ளி. நான் அங்கே நாலு வருடம் தமிழ் ஆசிரியை. அவர் துணை முதல்வர். நாங்கள் எல்லாரும் தமிழ் மிஸ், கணக்கு மிஸ், சயின்ஸ் மிஸ். அவர் மட்டும் வெறும் மிஸ். குள்ளமான, உருண்டையான உருவம். மஞ்சள் பூசிக் குளித்த முகம். பேசும்போது வலது கை எப்போதும் காற்றில் எதையோ மெதுவாக நகர்த்திக்கொண்டே இருக்கும், சப்பாத்தி மாவை ஓரத்துக்கு ஒதுக்குகிறவர் போல.

இடம் பண்ணுவது. அதுதான் அவர். அவருடைய கைப்பையில் குடை, டிபன் டப்பா, இரண்டு கட்டு விடைத்தாள், வழியில் வாங்கிய கால் கிலோ கத்தரிக்காய், பெண்ணுக்குத் தைக்கக் கொடுத்த பாவாடை எல்லாம் இருக்கும், பை உப்பாது. மூன்று பேர் உட்காரும் ரயில் இருக்கையில் நாலாவதாக ஒருத்தியை உட்காரவைக்காமல் அவருக்குப் பயணம் போகாது. வேலையில் சேர்ந்த முதல் நாள், சானடோரியத்தில் ஏறிய நான் நிற்க இடமில்லாமல் கம்பியில் தொங்கிக்கொண்டு வந்தேன். யாரென்று தெரியாமலே என் முந்தானையைப் பிடித்து இழுத்து, பக்கத்துப் பெண்களின் தொடைகளை எல்லாம் அந்தக் கையால் ஒதுக்கி, எனக்கு ஒரு சாண் உண்டாக்கினார். "பூஞ்சையாதானே இருக்கே, உட்காரும்மா." அந்த ஒரு சாணுக்காக நான் அவரைப் பல மாதம் நேசித்தேன். இதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் பொய்யாகிவிடும்.

அந்தக் கையைப் பள்ளிக்கூடத்துக்குள் வைத்துப் பார்க்க வேண்டும்.

ஐந்தாம் வகுப்பு டி பிரிவு. பதினாலு பெஞ்சு. ஒவ்வொன்றும் மூன்று பேருக்கென்று தச்சன் அடித்தது. ஒவ்வொன்றிலும் ஐந்து பேர். ஐந்து பிள்ளைகள் ஒட்டி உட்கார்ந்தால் உட்காரலாம். எழுத முடியாது, முழங்கை இடிக்கும். இதற்கு அவர் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். பெஞ்சில் ஒன்று, மூன்று, ஐந்தாம் இடத்துப் பிள்ளைகள் ஒற்றை. இரண்டு, நாலு இரட்டை. கரும்பலகையில் ஆசிரியை எழுதியதும் மிஸ் பழக்கிய ஓசை கிளம்பும்: "ஒற்றை எழுது, இரட்டை பார்." ஒற்றைகள் குனிந்து எழுதும். இரட்டைகள் கைகளை மடியில் செருகிக்கொண்டு பின்னால் சாய்ந்து சும்மா இருக்கும். பிறகு, "இரட்டை எழுது." அதற்குள் பலகையை அழித்து அடுத்ததைத் தொடங்கியிருப்போம், பாடத்தை முடிக்க வேண்டாமா? எனவே இரட்டைகள் பக்கத்து ஒற்றையின் நோட்டைப் பார்த்து எழுதிக்கொள்ளும். இடம் வருடம் முழுக்க மாறாது. வெற்றிடத்தைப் பார்த்தே வருகைப் பதிவு போட்டுவிடலாம், பெயர் கூப்பிட்டு நேரத்தை வீணாக்க வேண்டியதில்லை. இதுவும் அவர் யோசனைதான்.

புதிதாய்ச் சேர்ந்த எங்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கும்போது அவர் முகத்தில் இருந்த பெருமையை நான் மறக்க மாட்டேன். "ஒரு புள்ளையும் நிக்கல பாருங்க. எல்லாருக்கும் இடம்."

எல்லாருக்கும் இடம். தூ.

ஏ பிரிவு இரண்டாம் மாடியில். இருபத்தாறு பேர். பெஞ்சுக்கு இரண்டே பேர், நாலு மின்விசிறி, இருப்பதிலேயே நல்ல கணக்கு மிஸ். அறிவிப்புத் தட்டியில் சிரிக்கும் முகங்கள் எல்லாம் அங்கிருந்து முளைத்தவை. மிஸ்ஸின் மகளும் அங்கேதான் படித்தாள். பெற்றோர் கூட்டத்தில் பள்ளியின் முதலாளியான கரஸ்பாண்டென்ட் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "எங்க காலத்துல ஒரு கிளாஸுக்கு எண்பது பேரு. நாங்கெல்லாம் படிக்கலையா? எண்ணிக்கையில ஒண்ணும் இல்லைங்க, சொல்லித் தர்ற விதத்துல இருக்கு" என்பார். மிஸ் பக்கத்தில் நின்று தலையாட்டுவார். அவர்களுக்குத் தெரியாது என்று நான் கொஞ்ச நாள் நம்பினேன். தெரிந்திருந்தது. அவர்களைவிடத் துல்லியமாக யாருக்கும் தெரியாது. தெரிந்ததனால்தான் ஏ பிரிவில் இருபத்தேழாவது பிள்ளையை விடவில்லை.

டி பிரிவில் பாதிக்கு மேல் அரசு பணம் கட்டிப் படிக்கவைக்கும் பிள்ளைகள். ஏழைப் பிள்ளைகளுக்கென்று தனியார் பள்ளிகளில் ஒதுக்கும் இடம். அந்தப் பணம் வருகிறபோது வரும். வராதபோது, "கவர்மெண்ட் புள்ளைங்க" என்று கரஸ்பாண்டென்ட் பல்லைக் கடிப்பார். வராத பணத்தின் கோபம் முழுக்க அந்தப் பதினாலு பெஞ்சுமேல் இறங்கும். உடைந்த மின்விசிறி உடைந்தே இருக்கும். தெருக்கோடியில் அரசுப் பள்ளி ஒன்றும் இருந்தது. இரண்டு அறை, ஓட்டை ஓடு, ஓர் ஆசிரியை. அவரையும் பாதி நாள் வீடு வீடாகக் கணக்கெடுக்க அனுப்பிவிடுவார்கள். அதைப் பார்த்து பயந்துதான் ஜனங்கள் எங்களிடம் ஓடி வந்தார்கள், மூன்று பேர் பெஞ்சில் ஐந்தாவதாக உட்கார.

ஒரு நாள் அதிகாரிகள் பார்வைக்கு வருவதாகச் செய்தி வந்தது. காலைப் பிரார்த்தனை முடிந்ததும் மிஸ் டி பிரிவு வாசலில் வந்து நின்றார். கை காற்றில் நகர்ந்தது.

"இரட்டை எல்லாம் பையை எடுத்துக்கிட்டு பஸ்ஸுல ஏறுங்க. ஜூவுக்குப் போறோம்!"

இருபத்தெட்டு பிள்ளைகள் கூச்சலிட்டுக்கொண்டு ஓடின. வகுப்பில் பெஞ்சுக்கு மூன்று பேர், அளவெடுத்தது போல. துணைக்கு என்னை அனுப்பினார்கள். நான் போனேன். போக மாட்டேன் என்று சொல்லவில்லை. இந்தப் பிள்ளைகளை ஒளித்துவைக்க அழைத்துப் போகிறோம் என்று தெரிந்தே, தொப்பியும் தண்ணீர் பாட்டிலுமாகப் போனேன்.

வண்டலூரில் நாள் முழுக்க வெயில். மோனிஷா என்ற பெண் என் கையை விடவே இல்லை. பின்னலில் கனகாம்பரம், எண்ணெய் வழியும் நெற்றி. அவள் அம்மா கோவளத்துக்காரி, ஊரப்பாக்கம் மார்க்கெட் முனையில் மீன் விற்பவர். கம்பிக்குக் கம்பி நின்று, பலகைக்குப் பலகை கேட்டாள்.

"மிஸ், அதுல இன்னா போட்டுக்கீது?"

நான் வாசித்துச் சொல்வேன். அடுத்த பலகை. "இதுல மிஸ்?" என்மேல் உள்ள ஆசையில் கேட்கிறாள் என்று நினைத்து எனக்குப் பூரித்துப்போயிற்று. எவ்வளவு பெரிய முட்டாள் நான்.

குரங்குக் கூண்டில் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்த ஆளிடம் பிள்ளைகள், "அண்ணா, இவ்ளோ பெரிய கூண்டுல மூணே மூணுதானா?" என்று கேட்டன.

அவர் வாளியைக் கீழே வைத்தார். "அதுக்கு மேல வுடமாட்டோம்மா. நெருக்கி வுட்டா ஒண்ணு கடிக்கும், ஒண்ணு துன்னாம மூலைல குந்திக்கும்."

பிள்ளைகள் சிரித்தன. மோனிஷா தன் டப்பாவைத் திறந்து பொரித்த நெத்திலியில் ஒன்றை எனக்குக் கொடுத்தாள். நான் மென்றேன்.

அரையாண்டுத் தமிழ்த் தாள் திருத்தும்போது ஹரிணி என்ற பெயரில் இரண்டு தாள் வந்தது. ஐந்தாம் வகுப்பு டி பிரிவில் ஹரிணி ஒருத்திதான். இரண்டு தாளிலும் அதே விடை, அதே தவறு, அதே இடத்தில் அடித்தல். ஒரு தாள் சாதாரணக் கிறுக்கல். மற்றது அச்சுக் கோத்தது போல் அவ்வளவு அழகு. மோனிஷாவின் தாளைக் காணோம்.

காப்பி அடித்திருக்கிறாள் என்று இருவரையும் கூப்பிட்டேன். புத்தகத்தைப் பிரித்து, "முதல் வரியைப் படி" என்றேன். மோனிஷா புத்தகத்தைப் பார்க்கவில்லை. ஹரிணியின் வாயைப் பார்த்தாள். ஹரிணியை வெளியே அனுப்பினேன். "சரி, உன் பேரை எழுது." பேனாவைப் பிடித்துக்கொண்டு, இடப்பக்கம் யாருமில்லாத காற்றைத் திரும்பிப் பார்த்தாள். காத்திருந்தாள். அங்கே யாராவது முதலில் எழுத வேண்டும்.

இரண்டாம் வகுப்பிலிருந்து அவள் இரட்டை. ஹரிணி தன் பெயரை எழுதினால் அவளும் அதையே வரைந்திருக்கிறாள். ஆசிரியைகள் நாங்கள் நோட்டு அட்டைமேலும் முந்தைய தேர்வுத் தாள்மேலும் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்து யாருடையது என்று எடுத்துக்கொண்டோம். உள்ளே பார்க்க எங்களுக்கு நேரம் இல்லை. அழகான கையெழுத்து, அதனால் ஒவ்வொரு பருவமும் ‘குட்’. அந்த வாரம் முழுக்க இடைவேளையில் இரட்டைகளை ஒவ்வொருவராக அழைத்து வாசிக்கச் சொன்னேன். பத்துப் பேரோடு நிறுத்திக்கொண்டேன். என்னால் முடியவில்லை.

மாலை ரயிலில் மிஸ்ஸிடம் சொன்னேன். "அந்தப் பொண்ணை ஒரு ஆறு மாசம் ஏ பிரிவுல உட்கார வையுங்க மிஸ். படிச்சிடுவா. கையைப் பாருங்க, கண்ணைப் பாருங்க. யாரும் அவகிட்ட உட்காரல, அவ்வளவுதான்."

"ஏ-ல இடமில்லையேம்மா."

நான் சிரித்துவிட்டேன். இடமில்லை என்று அவர் வாயால் கேட்டது அதுதான் முதல் தடவை.

"இருபத்தாறு பேர்தானே மிஸ்?"

"அது வேற கிளாஸ்ம்மா."

"எண்ணிக்கையில ஒண்ணும் இல்லைன்னு மேடையில தலையாட்டுறீங்களே. உங்க பொண்ணை டி-ல போடுங்களேன், மோனிஷா பக்கத்துல."

கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் என் தொடையில் தட்டி, நின்றுகொண்டிருந்த ஒரு கர்ப்பிணியைக் காட்டி, "கொஞ்சம் தள்ளி உட்காரேன், பாவம், அவங்க உட்காரட்டும்" என்றார். உண்மையாகவே தள்ளி உட்கார்ந்தேன். அந்தப் பெண் உட்கார்ந்தாள். அதற்குமேல் எப்படிச் சண்டை போடுவது?

மறுநாள் என்னைத் தேடி வந்தார், முகமெல்லாம் சிரிப்பு. "நீ சொன்னதை யோசிச்சேன். மோனிஷாவை ஒற்றையில போட்டுட்டேன், ஹரிணி இரட்டை. இனிமே அவளே எழுதித்தானே ஆகணும்?"

போய்ப் பார்த்தேன். பெஞ்சில் மூன்றாம் இடம். வெள்ளைத்தாள். ஒற்றை எழுது என்று குரல் வந்ததும் இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள்; இரண்டு பக்கமும் மடியில் கைகள். நெற்றி எண்ணெய் வியர்வையாகித் தாளில் சொட்டியது. அவளைப் பார்த்து எழுத வேண்டிய நாலாம் இடத்துப் பையனும் அன்றிலிருந்து வெள்ளைத்தாள் வைத்தான்.

ஒரு வாரத்தில் விஷயம் கரஸ்பாண்டென்ட் காதுக்குப் போனது. என் வழியாகத்தான். எழுதிக் கொடுத்தால் ஏதாவது செய்வார்கள் என்று, நல்ல தமிழில் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்திருந்தேன். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் பெயர் எழுதத் தெரியாது என்று பள்ளியின் பெயர் அச்சடித்த தாளிலேயே எழுதிக் கொடுத்த அறிவாளி நான். அந்தத் தாள் வெளியே போகாமலிருக்க, அந்தப் பிள்ளை வெளியே போக வேண்டியதாயிற்று.

அவள் அம்மாவைக் கூப்பிட்டனுப்பினார்கள். புடவையைத் தூக்கிச் செருகியபடியே ஓடிவந்தார். அலுவலக அறையில் மிஸ், நான், ஒரு பெஞ்சு.

"இன்னா மிஸ், அவசரமா வரச் சொன்னீங்கோ? மீனு வெயில்ல காஞ்சிகினு கீது."

மிஸ் பெஞ்சில் நகர்ந்தார். "வாங்க, இப்படி உட்காருங்க."

"வேணாம் மிஸ். கவுச்சி வீசும்."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. உட்காருங்கம்மா."

செதில் ஒட்டிய அந்தக் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். அதில் நடிப்பு இல்லை. நடித்திருந்தால் நிம்மதியாக வெறுத்திருப்பேன்.

"மோனிஷாவுக்குப் படிப்பு ஏறலம்மா. இங்க கூட்டத்துல திணறுறா. தெருக்கோடி கவர்மெண்ட் ஸ்கூல்ல நிதானமா சொல்லித் தருவாங்க."

"ஏறலையா?" மீன்காரம்மா என்னைப் பார்த்தார். "வருசா வருசம் கார்டுல குட்டு, குட்டுன்னு போட்டுக்கினு இருந்தீங்களே! நோட்டு அச்சடிச்சா மாறி கீது. பக்கத்து வூட்டுப் பொம்பளைங்களுக்கெல்லாம் காட்டிக்கினு திரிஞ்சேன் மிஸ். அது அவ எயுதுனது இல்லியா?"

நான் அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"எழுதினது அவதாம்மா," என்றார் மிஸ், மிருதுவாக. "புரிஞ்சு எழுதல."

"அத்த புரியவைக்கத்தானே இங்க உட்டேன்?"

மிஸ் என்னைப் பார்த்து, சொந்த விருப்பத்தின் பேரில் பிள்ளையை வேறு பள்ளிக்கு மாற்றிக்கொள்வதாக ஒரு கடிதம் எழுதச் சொன்னார். எழுதினேன். பிழையில்லாத, வணக்கத்துடன் தொடங்கும் கடிதம். சட்டப்படி பிள்ளையை வெளியே அனுப்ப முடியாது, நீங்கள் ஒத்துக்கொள்ளத் தேவையில்லை என்று அந்தத் தாயிடம் ஒரு வரி சொல்லியிருக்கலாம். அலமாரியிலிருந்து மைப்பெட்டியை எடுத்து வந்து திறந்து நீட்டினேன். கட்டைவிரல் பதிந்தது. மிஸ் தன்னுடைய கைக்குட்டையை எடுத்து அந்த விரலைத் துடைத்துவிட்டார். ஓரத்தில் ரோஜாப்பூ பின்னிய கைக்குட்டை.

அடுத்த வாரம் மறைமலை நகரிலிருந்து மாறிவந்த இரண்டு பிள்ளைகளைச் சேர்த்தார்கள். மோனிஷாவின் இடத்தில் இரண்டு பேரும். "ஆறு பேரும் ஒல்லிதான்," என்றார் மிஸ், கையை நகர்த்தியபடி.

அன்றைக்கே வேலையை விட்டேன் என்று எழுத ஆசைதான். ஏப்ரல் வரை இருந்தேன். இரட்டைகள் எல்லாருக்கும் ‘குட்’ போட்டேன்.

கடைசி நாள் மாலை அதே ரயில், பெண்கள் பெட்டி, அவர் பக்கத்தில் நான். பிரிவுக்கு ஒரு டப்பா கேசரி கொண்டுவந்திருந்தார். ஊரப்பாக்கத்தில் எங்களோடு மீன்காரம்மாவும் மோனிஷாவும் ஏறி, கதவோரம் கம்பியைப் பிடித்து நின்றதை வண்டலூர் தாண்டித்தான் பார்த்தேன். சைதாப்பேட்டையில் மீன்காரம்மாவின் மாமியார் வீட்டில் ஏதோ விசேஷமாம். பட்டுப்பாவாடையில் நின்ற பெண்ணின் இடது முன்கை முழுக்க, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை, நீலப் பேனாவால் மோனிஷா, மோனிஷா, மோனிஷா. ஒன்றில் கொம்பு உதைத்துக்கொண்டிருந்தது, ஒன்றில் கால் விட்டுப்போயிருந்தது. கிறுக்கல். அழகே இல்லை. யாரையும் பார்த்து வரைந்தது இல்லை.

"இன்னா, தமிழ் மிஸ்," என்றார் அம்மா. சிரிக்கவில்லை. "பன்னெண்டு புள்ளைங்கோதான் அங்க. மயை பேஞ்சா ஒயுவுது. டீச்சரம்மா பாதி நாளு வர்றதில்ல. வந்தா இவ பக்கத்துல குந்திக்குது."

என்னைத் திட்டியிருக்கலாம். கேசரி டப்பா மடியில் சுட்டது.

சானடோரியம் வந்தது. எழுந்தேன். நடைமேடையில் இறங்கி ஜன்னல் கம்பி வழியே பார்த்தேன். என் இடத்தின் சூடு ஆறுவதற்குள் மிஸ்ஸின் கை அதை இன்னும் கொஞ்சம் அகலமாக்கிக்கொண்டிருந்தது. பக்கத்துப் பெண்கள் ஒதுங்கினார்கள். அவர் அதே முகத்தோடு, அதே உண்மையான பிரியத்தோடு, கதவோரம் நின்ற இருவரையும் கூப்பிட்டார்.

"வாங்கம்மா, ரெண்டு பேரும் உட்காரலாம். கொஞ்சம் நெருக்கிக்கிட்டா இடம் இருக்கு."

ரயில் நகர்ந்தது. மீன்காரம்மாவின் குரல் நடைமேடை வரைக்கும் கேட்டது.

"வேணாம் மிஸ். எம் பொண்ணு கையை வீசிக்கினு நிக்கட்டும்."